பூசணியா, தர்பூசணியா? ரஷ்ய, உக்ரைனிய மொழிகள் பற்றி வாசகர் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் இந்த இரு மொழிகள் பற்றிக் கேட்டவற்றை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறோம். அந்நிய எழுத்தை அச்சிடாமல் ஒலிப்பை மட்டும் தமிழில் தந்திருக்கிறோம். தமிழ் எழுத்துக்கு எட்டாத ஒலிகளை அந்தந்த இடத்திலேயே விளக்கியிருக்கிறோம்.

கே: ரஷ்யனும் உக்ரைனியனும் ஒரே மொழியின் இரண்டு வட்டார வழக்குகள் என்று நண்பர் சாதிக்கிறார். கோவைத் தமிழ், நெல்லைத் தமிழ் மாதிரிதானா? (பென்னாகரம் வாசகர்)

இல்லை. இரண்டும் தனி மொழிகள். பெலருசியனையும் சேர்த்து மூன்றும் கிழக்கு ஸ்லாவியக் கிளையில் பிறந்த உடன்பிறப்புகள். ரஷ்யனிலிருந்து உக்ரைனியன் பிறந்தது என்பதும் தவறு, அதைத் தலைகீழாகச் சொல்வதும் தவறு. தங்கை அக்காளின் வயிற்றில் பிறப்பதில்லை.

கீவ் நகரைத் தலைமையாகக் கொண்டிருந்த பழைய ரூஸ் நாட்டின் பேச்சுதான் தாய். 1240-ல் மங்கோலியர் கீவைப் பிடித்த பிறகு நிலப்பரப்பு பிரிந்து போனது. வடகிழக்கில் மாஸ்கோ வளர்ந்தது. தென்மேற்குப் பகுதிகள் லிதுவேனியா, போலந்து ஆட்சியில் சில நூற்றாண்டுகள் இருந்தன. அதனால் உக்ரைனியனுக்குள் போலிஷ் சொற்களும், போலிஷ் வழியாக ஜெர்மன் சொற்களும் வந்து குடியேறின. கூரைக்கு உக்ரைனியனில் ‘தாஹ்’, வண்ணப்பூச்சுக்கு ‘ஃபார்பா’. இரண்டும் ஜெர்மனிலிருந்து வந்தவை. ரஷ்யனில் அவை ‘க்ரீஷா’, ‘க்ராஸ்கா’. நன்றி சொல்ல உக்ரைனியனில் ‘தியாக்குயு’, ரஷ்யனில் ‘ஸ்பசீபா’. ‘ஆம்’ என்பதற்குக்கூட உக்ரைனியர் ‘தாக்’ என்பார், ரஷ்யர் ‘தா’ என்பார்.

ரஷ்யன் வேறு பக்கம் சாய்ந்தது. கோயில் மொழியான சர்ச் ஸ்லாவியன் அதன் எழுத்து வழக்கில் ஆழமாக இறங்கியது. தெலுங்கிலும் மலையாளத்திலும் சமஸ்கிருதம் இறங்கியதை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டப் புரியும்.

சொற்களை எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. உக்ரைனிய மொழியியலாளர் கொஸ்தியாந்தின் திஷ்சென்கோ தந்த கணக்கு பரவலாக எடுத்தாளப்படுகிறது. அதன்படி உக்ரைனியச் சொற்களில் பெலருசியனோடு பொதுவானவை 84 விழுக்காடு, போலிஷோடு 70, ரஷ்யனோடு 62. இந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு உக்ரைனியன் போலிஷுக்குத்தான் நெருக்கம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒலியமைப்பிலும் இலக்கணத்திலும் அது கிழக்குக் கிளையின் பிள்ளைதான்.

கே: அப்படியென்றால் உக்ரைன்காரர்கள் எல்லோரும் ரஷ்யன் பேசுகிறார்களே, எப்படி? ரஷ்யர்களுக்கும் உக்ரைனியன் புரியுமா? (ஓசூர் வாசகி)

இதை ஓசூரிலிருந்து கேட்பதுதான் பொருத்தம். உங்கள் ஊர்ச் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேரம் பேசுபவர் நிறைய. மூன்றும் ஒன்றே என்பதாலா? பிறந்ததிலிருந்து மூன்றும் காதில் விழுந்துகொண்டே இருப்பதால்தான். அதே ஆளின் உறவினர் தஞ்சாவூரிலிருந்து வந்தால் கன்னடத்தில் கூட்டிக் கழித்து நாலு சொல் பிடிப்பார், அவ்வளவுதான்.

உக்ரைனில் நடந்ததும் இதுதான். பள்ளி, படை, தொழிற்சாலை, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் தலைமுறைகளாக ரஷ்யன் இருந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 67.5 விழுக்காட்டினர் உக்ரைனியனையும் 29.6 விழுக்காட்டினர் ரஷ்யனையும் தாய்மொழியாகச் சொன்னார்கள். ஆனால் இரண்டும் தெரிந்தவர்கள் மிகப் பலர். மறுபக்கம், சைபீரியாவில் வளர்ந்து உக்ரைனியனே கேட்டிராத ஒருவருக்கு உக்ரைனியச் செய்தி வாசிப்பு பாதியும் குறையுமாகத்தான் எட்டும். புரிதல் ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதை வைத்து மொழி ஒன்றே என்று வாதிப்பது, ஓசூர்க்காரருக்குக் கன்னடம் தெரிவதால் கன்னடமும் தமிழே என்று சொல்வதற்குச் சமம்.

கன்னடம் தெரிந்தவர்களுக்கு ஒரு சாவி உண்டு. நம் பால் அங்கே ஹாலு, பூ ஹூவு, பல் ஹல்லு. ப போய் ஹ வந்திருக்கிறது. அதுபோல ரஷ்யனில் ‘காந்தி’யின் கனத்த க வரும் இடத்தில் உக்ரைனியனில் ஹ வரும். கால் ரஷ்யனில் ‘நகா’, உக்ரைனியனில் ‘நொஹா’. தலை அங்கே ‘கலவா’, இங்கே ‘ஹொலொவா’. எழுத்து இரண்டிலும் ஒன்றே, ஒலிப்புதான் வேறு.

கே: என் அக்கா மகன் ஹார்கிவ் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்து, 2022-ல் போர் தொடங்கியதும் ஊர் திரும்பினான். அங்கே கற்ற மொழி ரஷ்யாவில் படிப்பைத் தொடர உதவுமா? (அரூர் வாசகர்)

முதலில் அவரிடம் கேட்க வேண்டியது, அங்கே வகுப்பில் கற்றது எந்த மொழி என்பதை. அந்த ஆண்டுகளில் ஹார்கிவ் தெருக்களில் பெரும்பாலும் ரஷ்யன்தான் கேட்கும். பலகைகளிலும் அரசுத் தாள்களிலும் உக்ரைனியன் இருக்கும். வகுப்பில் ஒன்றும் கடைத்தெருவில் மற்றொன்றும் கற்று, எது எதுவென்று தெரியாமல் இருக்கும் மாணவர்கள் உண்டு. ‘தா’ என்று சொல்லப் பழகியிருக்கிறாரா, ‘தாக்’ என்றா என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

மொழிக்கு முன்னால் விதியைப் பாருங்கள். நம் நாட்டுத் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள்படி படிப்பு 54 மாதத்துக்குக் குறையக் கூடாது, அதே நிறுவனத்தில் 12 மாத உள்ளுறைப் பயிற்சி வேண்டும், பாடமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். அங்கே நோயாளி ஆங்கிலத்தில் ‘வலிக்கிறது’ என்று சொல்ல மாட்டார். பலர் தடுமாறுவது இங்கேதான். பாடத்தை ஆங்கிலத்தில் முடித்துவிட்டு வார்டுக்குள் வந்து ஊமையாக நிற்பார்கள்.

உக்ரைனியன் தெரிந்தவர் ரஷ்யனுக்கு மாற முதலில் எழுத்து, பிறகு ஒலி, அதன் பிறகே சொல் என்று போவது நல்லது. இரண்டிலும் எழுத்துகள் 33. ஒவ்வொன்றிலும் மற்றதில் இல்லாதவை நான்கு. அதை ஒரே நாளில் முடித்துவிடலாம். ஒலியில் மூன்று பழக்கங்களை மாற்ற வேண்டும். மேலே சொன்ன ஹ, க மாற்றம் ஒன்று. அடுத்து, அழுத்தமில்லாத ஒகரத்தை ரஷ்யர் அகரமாக்கிவிடுவார்கள். பால் உக்ரைனியனில் எழுதியபடியே ‘மொலொக்கோ’, ரஷ்யனில் ‘மலக்கோ’. மூன்றாவது, உக்ரைனியனின் இகரம் பல சொற்களில் ரஷ்யனில் எகரமாகவோ ஒகரமாகவோ திரும்பும். ரொட்டி ‘ஹ்லிப்’ அங்கே ‘ஹ்லெப்’, பூனை ‘கித்’ அங்கே ‘கொத்’, இரவு ‘நிச்’ அங்கே ‘நோச்’. வயிறு ‘ஜிவித்’ இந்த விதிப்படியே ‘ஜிவோத்’ ஆகிவிடுகிறது பாருங்கள். விதி பிடிபட்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் இலவசம்.

விதிக்குள் வராத மருத்துவமனைச் சொற்களைத் தனியாகத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். மருத்துவர் உக்ரைனியனில் ‘லிக்கார்’, ரஷ்யனில் ‘வ்ராச்’. மருத்துவமனை ‘லிக்கார்னியா’ அங்கே ‘பல்னீத்ஸா’. இரைப்பை ‘ஷ்லூனொக்’, ‘ஜெலூதக்’. இரத்த அழுத்தம் ‘திஸ்க்’, ‘தவ்லேனியெ’. மூச்சு விடுங்கள் என்பது ‘தீஹைத்தெ’, ‘திஷீத்தெ’. சிறுநீரகம் ‘நிர்க்கா’, ரஷ்யனில் ‘போச்கா’. அதே ‘போச்கா’ மரத்தின் மொட்டுக்கும் பெயர். வெப்பநிலை, மருந்துக்கடை, செவிலியர் ஆகியவற்றுக்கு இரண்டிலும் ஒரே சொல்தான்.

உண்மையான ஆபத்து ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தரும் சொற்களில் இருக்கிறது. ரஷ்யனில் ‘நெதேலியா’ என்றால் ஒரு வாரம். உக்ரைனியனில் ‘நெதீலியா’ என்றால் ஞாயிற்றுக்கிழமை. வாரத்துக்கு அங்கே ‘திஜ்தென்’. நோயாளியை அடுத்த வாரம் வரச்சொன்னால் அவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பூட்டிய கதவின் முன் நிற்பார். ‘ச்சாஸ்’ ரஷ்யனில் ஒரு மணி நேரம். உக்ரைனியனில் பொதுவாக நேரம், காலம். மருந்து எத்தனை மணிக்கொரு முறை என்று சொல்லும்போது இது விளையாட்டல்ல; உக்ரைனியனில் மணிக்கு ‘ஹொதினா’ என்றே சொல்ல வேண்டும். இன்னொன்று: உக்ரைனியனில் ‘வ்ரொத்லீவி’ என்றால் அழகானவர், ரஷ்யனின் ‘உரோத்லிவி’ என்றால் அவலட்சணமானவர். பாராட்டப் போய் அடி வாங்க இது போதும்.

தமிழ் தெரிந்திருப்பது இங்கே ஒரு கைம்முதல். ‘நான் மாணவன்’ என்று வினைச்சொல் இல்லாமலே நிற்கும் வாக்கியம் இரண்டு மொழிகளிலும் அப்படியே நிற்கும். ‘என்னிடம் இருக்கிறது’ என்ற நம் அமைப்புத்தான் ரஷ்யனிலும். உக்ரைனியனில் அதோடு ‘நான் உடையேன்’ என்பது போன்ற வினையும் புழங்குகிறது. எல்லாரையும் வாட்டும் வினைநிலை (செயல் முடிந்துவிட்டதா, இல்லையா என்ற) வேறுபாட்டுக்கு ‘எழுதினேன்’, ‘எழுதிவிட்டேன்’ என்ற இணையைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். முழுதும் பொருந்தாது, ஆனால் ஆங்கிலம் வழியாகப் புரிந்துகொள்வதைவிட இது சீக்கிரம் ஏறும்.

கே: ‘ஹார்கிவ்’ என்று படித்த ஊர்ப்பெயர் ஒரு பேருந்துப் பலகையில் ‘ஹார்கோவா’ என்று இருந்ததாம். அது ரஷ்யன்தானே? (அரூர், அதே வாசகர்)

அல்ல, உக்ரைனியனேதான். அசை மூடியிருந்தால் (மெய்யில் முடிந்தால்) இகரம், உருபு சேர்ந்து அசை திறந்தால் (உயிரில் முடிந்தால்) பழைய ஒகரம் திரும்பிவிடும். ‘ஹார்கிவ்’ என்பது ‘ஹார்கிவுக்கு’ என்று வரும்போது ‘தோ ஹார்கோவா’ ஆகும். லிவிவ் நகரமும் அப்படித்தான், ‘லிவிவில்’ என்பதற்கு ‘உ ல்வோவி’. பூனை ‘கித்’, பூனையின் ‘கொத்தா’.

கே: காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலையில் வேலை. ரஷ்யாவுக்குப் போகும் டப்பாவுக்கு அச்சடித்த லேபிளையே உக்ரைன் வாடிக்கையாளருக்கும் ஒட்டலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

ஒட்டாதீர்கள். சரக்கு துறைமுகத்தில் நிற்கும்.

ரஷ்யா, பெலருஸ், கசகஸ்தான், ஆர்மீனியா, கிர்கிஸ்தான் சேர்ந்த யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் உணவு லேபிளுக்கான தொழில்நுட்ப விதி 022/2011. அதன்படி ரஷ்யன் கட்டாயம். ஒன்றியத்தின் ‘ஈஏசி’ குறியும் வேண்டும். உக்ரைன் அந்த ஒன்றியத்தில் இல்லை. அங்கே 2018-ல் வந்த உணவுத் தகவல் சட்டமும் 2019-ன் அரசுமொழிச் சட்டமும் உக்ரைனியனைக் கேட்கின்றன. ஆகவே 3.1 கிலோ டப்பாவோ 215 கிலோ டிரம்மோ, எதுவானாலும் இரண்டு லேபிள், இரண்டு வரைவு.

டிசைனர் வழக்கமாகச் செய்யும் தவறு, ரஷ்ய வரைவை எடுத்து எழுத்தை மட்டும் அங்கங்கே மாற்றுவது. அது ஓடாது, சொற்களே வேறு. ‘சேர்பொருள்கள்’ என்ற தலைப்பு ரஷ்யனில் ‘சஸ்தாவ்’, உக்ரைனியனில் ‘ஸ்க்லாத்’. அதே ‘ஸ்க்லாத்’ ரஷ்யனில் கிடங்கு. ‘கிடங்கு: மாங்கூழ், சர்க்கரை’ என்று லேபிள் அடித்தால் வாங்குபவர் சிரிப்பார், சுங்கத்துக்காரர் சிரிக்க மாட்டார். காலாவதி ரஷ்யனில் ‘ஸ்ரோக் கோத்னஸ்தி’, உக்ரைனியனில் ‘தெர்மின் பிரிதாத்னொஸ்தி’. சேமிப்பு முறைக்கு அங்கே ‘ஹ்ரனீத்’, இங்கே ‘ஸ்பெரிஹாத்தி’. நிகர எடை ‘மாஸ்ஸா நெத்தோ’ என்பதில் ரஷ்யனில் ஸகரம் இரட்டை, உக்ரைனியனில் ஒற்றை. சர்க்கரை ரஷ்யனில் ‘சாஹர்’, உக்ரைனியனில் ‘த்ஸூக்கோர்’. இரண்டும் நம் சர்க்கரையின் தூரத்துச் சொந்தம்தான், ஒன்று கிரேக்கம் வழியாகவும் மற்றொன்று ஜெர்மன், போலிஷ் வழியாகவும் போய்ச் சேர்ந்தது. தண்ணீர், மாங்காய், கூழ் (‘வதா’ / ‘வொதா’, ‘மாங்கோ’, ‘பியூரே’) மூன்றுக்கும் எழுத்துகூட மாறாது.

மாதப் பெயர்களை எழுத்தில் அடிக்கவே வேண்டாம். ரஷ்யனில் மாதங்கள் லத்தீன் வழிப் பெயர்கள். ஜனவரியைக் கேட்டாலே தெரிந்துவிடும். உக்ரைனியனில் அவை பருவத்தின் பெயர்கள். மே மாதம் ‘த்ராவென்’, புல் மாதம். ஆகஸ்டு ‘செர்பென்’, அரிவாள் மாதம், அதாவது அறுவடை. நவம்பர் ‘லிஸ்தொபாத்’, இலையுதிர்வு. தேதியை எண்ணில் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துருவையும் சோதிக்கவும். ரஷ்யனுக்கென்றே செய்த பழைய எழுத்துருவில் உக்ரைனியனின் சிறப்பு எழுத்துகள் இருக்காது. அந்த இடத்தில் கட்டமோ கேள்விக்குறியோ விழும். கணினிக் குறியீட்டிலும் கோய்-8-ஆர் ரஷ்யனுக்கு மட்டும் அமைந்தது, கோய்-8-யு உக்ரைனிய எழுத்துகளைச் சேர்க்க வந்தது. இப்போது யூனிகோடில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அவசரத்தில் ஆங்கில ‘ஐ’ எழுத்தை உக்ரைனிய இகரத்துக்குப் பதிலாகத் தட்டிவிடுவது இன்றும் நடக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பிழைதிருத்திக்கும் தேடலுக்கும் வேறு. கோப்பில் ‘மாங்கோ’ சரியாக வந்து ‘இந்தியா’ மட்டும் சிவப்புக்கோடு வாங்கினால் காரணம் இதுதான். கடைசியாக, தாய்மொழியாகப் பேசும் ஒருவரிடம் பிழை பார்க்கக் கொடுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியை மட்டும் நம்புகிற இடமல்ல இது.

கே: அஞ்சல்தலை சேகரிக்கிறேன். படிக்கத் தெரியாமலே எது ரஷ்யன், எது உக்ரைனியன் என்று பிரிக்க முடியுமா? (கிருஷ்ணகிரி, பள்ளி மாணவி)

முடியும், உருவத்தைப் பார்த்தே. ஆங்கிலச் சிறிய ‘ஐ’ போல ஒற்றைப் புள்ளிக் கோடோ, அதன்மேல் இரண்டு புள்ளியோ கண்டால் இன்றைய ரஷ்யன் அல்ல. இரட்டைப் புள்ளிக் கோடு ‘யி’ என்று ஒலிக்கும். உக்ரைன் என்ற நாட்டுப் பெயருக்குள்ளேயே அது இருக்கிறது, உன் அஞ்சல்தலைகளில் முதலில் அதைத் தேடு. ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தான சிறிய ‘பி’ போன்றதும் பக்கத்தில் ஒரு நெட்டுக்கோடும் சேர்ந்த எழுத்து இருந்தால் உக்ரைனியன் அல்ல. ஒற்றைப் புள்ளிக் கோடும் இந்த நெட்டுக்கோட்டு எழுத்தும் ஒரே அஞ்சல்தலையில் சேர்ந்து வந்தால், மூன்று கிழக்கு ஸ்லாவிய மொழிகளுள் அது பெலருசியன். பலர் ஏமாறுவது இங்கேதான். அஞ்சல் என்ற சொல்லும் உதவும்: ரஷ்யனில் ‘போச்தா’, உக்ரைனியனில் ‘போஷ்தா’.

போனில் தட்டச்சும் செய்து பார். இரண்டு விசைப்பலகையும் ஒன்றே போல இருக்கும். ரஷ்யனின் அந்த நெட்டுக்கோட்டு எழுத்து இருக்கும் விசையில் உக்ரைனிய இகரம், வலது ஓரத்தில் வன்மைக் குறி என்ற ரஷ்ய எழுத்து இருக்கும் இடத்தில் ‘யி’. கனத்த ‘க’வுக்கான கொம்பு வைத்த எழுத்து ஹகர விசையை அழுத்திப் பிடித்தால் வரும்.

கே: நமக்கு எட்டு வேற்றுமை. அவர்களுக்கு எத்தனை? (பாலக்கோடு, தமிழாசிரியர்)

ரஷ்யனில் ஆறு, உக்ரைனியனில் ஏழு. கூடுதலான அந்த ஒன்று எது தெரியுமா ஐயா? நம் எட்டாம் வேற்றுமையேதான். விளி உக்ரைனியனில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘மாமா’ (அங்கே அம்மா) கூப்பிடும்போது ‘மாமோ!’, இவான் ‘இவானெ!’, ஒக்ஸானா ‘ஒக்ஸானோ!’, மருத்துவரை ‘லிக்காரியு!’. உருபு சேர்க்காமல் அழைத்தால் கொச்சையாக அல்லது ரஷ்யச் சாயலாகக் கேட்கும். ரஷ்யனில் விளி உதிர்ந்துபோய், ‘போஜெ’ (கடவுளே) போன்ற சில சொற்களில் எச்சம் மட்டும் கிடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இன்றைய பேச்சு ரஷ்யனில் ‘மாம்!’ (மாமா), ‘தான்!’ (தான்யா) என்று ஈற்று உயிரை வெட்டி அழைக்கும் புது விளி முளைத்திருக்கிறது.

கே: இரண்டு நாட்டு அதிபர்களுக்கும் ஒரே பெயராமே? (தேன்கனிக்கோட்டை வாசகர்)

ஆமாம். விளாதிமிர், வொலொதிமிர் இரண்டும் ஒன்றே. ‘வொலொ’ என்று விரிவது கிழக்கு ஸ்லாவிய இயல்பு. ‘விளா’ என்று சுருங்குவது சர்ச் ஸ்லாவியன் வழி வந்தது. நிக்கொலாய் மிக்கோலா, செர்கேய் செர்ஹிய், யெலேனா ஒலேனா எல்லாம் இப்படிப்பட்ட இணைகள்.

கே: உக்ரைனிய மொழியையே தடை செய்திருந்தார்கள் என்பது உண்மையா? (ஊத்தங்கரை வாசகி)

அச்சுக்குத் தடை இருந்தது உண்மை. இவான் கொத்லியாரெவ்ஸ்கியின் ‘எனெயிதா’ காவியம் 1798-ல் மக்கள் பேச்சில் வந்து புது இலக்கியத்தைத் தொடங்கியது. கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோவின் ‘கொப்சார்’ கவிதைத் தொகுப்பு 1840-ல் வந்தது. 1863-ல் உள்துறை அமைச்சர் வலூயெவ் சுற்றறிக்கை, சமய நூல்களையும் பாமரருக்கான கல்வி நூல்களையும் அம்மொழியில் அச்சிட விடாமல் நிறுத்தியது. 1876-ல் ஜார் அலெக்சாந்தர் 2 ஜெர்மனியின் எம்ஸ் நகரில் ஒப்பமிட்ட ஆணை இன்னும் கடுமை. வெளிநாட்டில் அச்சிட்டவற்றை உள்ளே கொண்டுவரவும், மேடை நாடகத்துக்கும் தடை. சோவியத் காலத்தில் 1933-ன் எழுத்துச் சீர்திருத்தம் கொம்பு வைத்த அந்தக் கனத்த ‘க’வை நெடுங்கணக்கிலிருந்தே நீக்கியது, அது 1990-ல்தான் திரும்பி வந்தது. உக்ரைனியன் அரசுமொழி என்று 1989 சட்டமும், பிறகு 1996 அரசமைப்பின் 10-ஆம் பிரிவும் சொல்கின்றன.

கே: ‘சுர்ஜிக்’ என்றால் என்ன? அதை ‘சுர்ழிக்’ என்றும் எழுதுகிறார்களே? (போச்சம்பள்ளி வாசகர்)

கலப்பு மாவு. கோதுமையில் ரை (நம் கம்பு அல்ல) போன்ற மலிவான தானியத்தைக் கலந்து அரைத்ததற்கு அந்தப் பெயர். உக்ரைனிய இலக்கணத்தில் ரஷ்யச் சொல்லைப் போட்டுப் பேசும் கலவைப் பேச்சுக்கும் அதுவே பெயராகிவிட்டது. கேழ்வரகு மாவில் கோதுமையைக் கலந்தால் களி பதம் மாறும், பசி ஆறும். சுர்ஜிக்கை இலக்கணக்காரர்கள் திட்டுகிறார்கள், கிராமங்கள் பேசிக்கொண்டே இருக்கின்றன.

‘ழ’ போடுவது தவறு. ஆங்கிலத்தில் இசட், ஹெச் சேர்ந்து வந்ததும் ‘தமிழ்’ நினைவில் நம் கை தானாக ழகரத்துக்குப் போய்விடுகிறது. அங்கே அது நாக்கைச் சுருட்டும் ஒலி அல்ல, ‘ஷ’வைக் குரலோடு அதிரச் சொன்னால் வருவது. ஜகரம் கிட்டத்தட்ட ஒத்துவரும். ழகரத்துக்கு அந்த இரு மொழிகளிலும் வேலை இல்லை. ஆனால் நம் குற்றியலுகரத்துக்கு உண்டு: ‘பாட்டு’ என்பதன் கடைசி ஒலியைப் பிடித்து நாக்கைச் சற்று முன்னே தள்ளினால் ரஷ்யனின் அந்த நெட்டுக்கோட்டு எழுத்து வந்துவிடும்.

கே: தர்பூசணிக்கு அங்கே என்ன பெயர்? (கம்பைநல்லூர், விவசாயி)

ரஷ்யனில் ‘அர்பூஸ்’. உருதுவில் முலாம்பழத்தைச் சொல்லும் கர்பூஜாவுக்கு உறவு. பாரசீகத்தில் பிறந்து துருக்கிய மொழிகள் வழியாக அங்கே போனது. அதே சொல் உக்ரைனியனில் ‘ஹர்பூஸ்’ ஆகிறது, ஆனால் பொருள் பூசணி. தர்பூசணி வேண்டுமென்றால் அங்கே ‘கவூன்’ என்று கேட்க வேண்டும். கீவ் சந்தையில் ரஷ்யச் சொல்லை உக்ரைனியமாக்கிக் கேட்டால் பூசணியை நிறுத்துக் கொடுப்பார்கள். இன்னொரு விஷயம்: பெண் கேட்டு வந்தவன் கையில் ‘ஹர்பூஸ்’ கொடுத்து அனுப்பினால், சம்மதமில்லை என்று பொருள்.